பூட்டு வராத முகவரி

பாஸ்வேர்டை அடிக்கும்போது மாமா இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டார், பரீட்சை ஹாலில் முதல் பெஞ்சுக்காரன் விடைத்தாளை மறைப்பதுபோல. பக்கத்து நாற்காலியில் இருந்த மச்சினன், மூக்குக்கண்ணாடிக் கடையின் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தான். கடைசி வரிவரை தெளிவாகத் தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் அவனுக்குப் பிரச்சினை கண்ணில் இல்லை, அக்கா புருஷனில்.

கண் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் செயலியை எழுதியவன் அவன். கடைப்பெயரில் வாங்கிய இணைய முகவரி மாமாவின் பிடியில். நேற்றே அந்த முகவரியைச் செயலி இருக்கும் கிளவுட் சர்வருக்குத் திருப்பிவிட்டாயிற்று. பாக்கி, பாதுகாப்புச் சான்றிதழ். அது வந்தால்தான் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வரும். பன்னிரண்டுக்குள் வராவிட்டால் வேலை வெளியாளுக்கு, அவன் தங்கியிருக்கும் மாடி அறையும் காலி என்று காலையில் வாய் நிறைய பற்பசை நுரையோடு மாமா அறிவித்திருந்தார்.

"முகவரி உங்களுதுதான்னு நிரூபிக்கச் சொல்லுது மாமா. நான் அனுப்பின வரியை முகவரிப் பதிவுல சேர்க்கணும்."

"என் கடைப் பேரு என்னுதுன்னு நான் எவன்கிட்டடா நிரூபிக்கணும்?"

முதல் பெட்டியில் அந்த வரியில் கடைப்பெயருக்கு முந்தைய பகுதி மட்டும் போதும். கடைப்பெயரை அந்த இணையப் பக்கமே பின்னால் ஒட்டிக்கொள்ளும். மாமா எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டார். கடைப்பெயர் இரண்டு முறை வந்து நின்றது.

"மாமா, அந்தப் பெட்டியில..."

"வாயைத் தொறந்தே, பல்லு இருக்காது. பதினெட்டு வருஷமா கடை நடத்துறேன்."

மூடிக்கொண்டான். சொன்ன பேச்சைக் கேட்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று இதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

பதினொன்றரை. 'காத்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது திரை. மாமாவோ காலையிலேயே வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் முகவரியை அனுப்பிவிட்டிருந்தார். கல்லாவிலிருந்த அக்கா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"தொறந்தா செவப்பா வருதாம். உங்க விவரத்தைத் திருடலாம், ஜாக்கிரதைன்னு போட்டிருக்காம். இவரு மூணாவது ஆளு."

மாமா திரும்பினார். "தப்பு எங்கன்னு தெரியுமாடா?"

"நீங்க போட்டப்பவே தெரியும்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"பல்லு வேணுமே மாமா."

அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து நம்மளத் திருட்டுக் கடை ஆக்கிட்டீங்க."

பதினொன்று ஐம்பதுக்கு மாமா கீபோர்டை அவன் பக்கம் தள்ளினார். மவுஸை மட்டும் விடவில்லை. கூடுதலாக நின்ற பெயரை அவன் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். 'சேமி'யை மாமா, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, அழுத்தினார். சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கையில் போன் மறுபடி அடித்தது.