சமையலறை ஜன்னலுக்கு வந்த டால்பின்

ஐஸ் விலை ஏறிய வாரத்தில்தான் முதல் டால்பின் தெருவுக்கு வந்தது. ஆள் உயரத்தில் காற்றில் மிதந்தபடி, வளைவில் ஒரு சைக்கிள்காரருக்கு வழிவிட்டு, ஐஸ் கம்பெனிக்காரர் வாசலில் கொஞ்சம் நின்றது. பிறகு கால்நடை டாக்டர் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தது. நாக்கில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. டாக்டர் அதுவரை மாட்டுக்கும் நாய்க்கும்தான் பார்த்தவர். ஆனாலும் தேடி வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. வெட்டி எடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் ஐஸ் கம்பெனிக்காரர் நாக்கில், அதே இடத்தில், அதே கட்டி.

அதன்பின் வாரம் தவறாமல் டால்பின்கள் வந்தன. ஒன்றுக்கு ஆறாத தோல்புண், ஒன்றுக்கு ஈரலில் கட்டி, இன்னொன்றுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லாத ஏதோ ஒன்று. எது எந்த வாசலில் நின்றதோ, அந்த வீட்டில் ஒருவருக்குப் பிற்பாடு அதே நோய் வந்தது. ஜனங்கள் கேட்டைப் பூட்டிவிட்டு, துடைப்பத்தோடு மாடியில் நின்று, "இங்க யாரும் இல்ல, எதிர் வீட்டுக்குப் போ" என்று விரட்டினார்கள். எதிர் வீட்டுக்காரர் சொன்ன பதிலை எழுத முடியாது. சாயக் கம்பெனிக் குழாய் கடலில் கொட்டும் தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பாதி ஊருக்கு அங்கேதான் சம்பளம். தினமும் அந்தக் குழாயின் வால்வைத் திறந்துவிடுவது டாக்டரின் மனைவி.

எல்லா டால்பினும் கடைசியில் தன்னிடமே வந்ததால், தன் வீட்டுக்கென்றே ஒன்று வந்ததை டாக்டர் கவனிக்கவில்லை. ஒரு குட்டி சமையலறை ஜன்னலையே சுற்றியது. "வாசல் அந்தப் பக்கம்" என்று அதட்டி, இடது துடுப்புக்கு அடியில் இருந்த கட்டியை எடுத்து அனுப்பினார். மறுநாளும் அது ஜன்னலுக்கே வந்தது.

"உங்களத் தேடி வரலங்க" என்றாள் மனைவி. அவள் கை இடது அக்குளில் இருந்தது. பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. "ஊர்ல எல்லார் வாசலையும் பார்த்தீங்க, நம்ம ஜன்னலப் பார்க்கலையே!"

"வழி தெரியாத குட்டின்னு நினைச்சேன்மா."

சீக்கிரம் வந்துவிட்டதால் பிழைத்துக்கொள்வாள் என்றது ஆஸ்பத்திரி. பிழைத்தாள். தலைமுடி முளைத்ததும் வேலைக்குப் போனாள். குட்டியும் தோளோடு தோளாகப் போனது. வால்வில் கை வைத்தவள் திறக்கவில்லை. வேலை போனது. புதிதாக வந்தவர் திறந்தார். அடுத்த வாரமே அவர் வாசலில் ஒன்று நின்றது, அவரும் விலகிக்கொண்டார். இப்படியே ஆள் தீர்ந்துபோய், இப்போது முதலாளியே சாயங்காலம் காரில் வந்து திறந்துவிட்டுப் போகிறார். காருக்குப் பின்னால் பெரிய டால்பின் ஒன்று, அவசரமே இல்லாமல், போகிறது.

தெருவில் யாரும் இப்போது கேட்டைப் பூட்டுவதில்லை. டால்பின் நின்றால் கைவேலையை வைத்துவிட்டு வெளியே வருகிறார்கள். அதற்குக் கட்டி எங்கே என்று பார்த்து, தங்கள் உடம்பில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.