கூலி சேர்க்காத விலை

"தீவனம் போட்டாச்சு, குஞ்சு வாங்கின காசு போட்டாச்சு. வேற என்ன இருக்கு?" என்று கேட்டார், கோழிக்கு விலை போட உட்கார்ந்த பஸ் டிரைவர்.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருந்த அவர் மனைவி விரல் மடக்கிச் சொன்னாள். கூண்டில் பரப்பிய மரத்தூள், மருந்து, குஞ்சுகளுக்குச் சூடு காட்டிய பல்பின் கரண்டுச் செலவு, நடுவில் செத்துப்போன கோழிகள். துணிக்கடையில் கணக்கு பார்ப்பவள் அவள். மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துவிடுவாள். கிலோவுக்கு இவ்வளவு என்று தொகை வந்து நின்றபோதுதான் ஒன்று விட்டுப்போனது அவளுக்கு உறைத்தது.

"ஆள் கூலி?" என்றாள்.

"எந்த ஆளு?"

கொல்லைப்புறத்தில் கூண்டைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவரின் தங்கை அது. கணவன் இறந்ததும் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கறிக்கோழி வளர்த்து வீட்டிலேயே விற்கலாம் என்பது அண்ணனின் யோசனை. வளர்த்தவள் அவள். குஞ்சுகள் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்காமல் பிரித்து விடுவது, தண்ணீர் மாற்றுவது, ஈரமான மரத்தூளை அள்ளுவது, வாங்க வருகிறவர்களுக்கு அறுத்து உரித்துக் கொடுப்பது எல்லாம் அவள் தலையில்தான். அவளுடைய புறங்கைகளில் கோழி நகம் கிழித்த கோடுகள் ஆறுவதற்குள் புதுக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன.

"நம்ம வீட்டுப் பொண்ணுக்கு யாராவது கூலி போடுவாங்களா? கேக்கவே அசிங்கமா இல்ல?" என்றார் டிரைவர்.

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள்.

அப்போது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கூலியைச் சேர்த்தால் விலை கறிக்கடையைத் தாண்டிவிடும். பிறகு யார் வீடு தேடி வந்து வாங்கப் போகிறார்கள்? மகளின் கல்லூரிப் படிப்பே அந்தக் கோழிகளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுவும் சரிதான்," என்றாள் மெதுவாக.

தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்டது.

அன்று சாப்பாட்டில் நாத்தனாரின் தட்டில் நல்ல கறித் துண்டாகப் பார்த்து வைத்தாள். "எனக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு?" என்றவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் துணிக்கடையிலிருந்து அவளுக்கு ஒரு புடவை எடுத்து வந்தாள். விலையைச் சொல்லவில்லை, தள்ளுபடியில் கிடந்தது என்று மட்டும் சொன்னாள். கொடுத்த பிறகும் மனசு உறுத்தலாகவே இருந்தது.

விற்பனை நாளில் தொழிற்சாலை கேன்டீன் நடத்தும் அம்மாள் வந்தார். மொத்தமாக வாங்குகிறவர். இறகை விலக்கி, நெஞ்சுச் சதையை அழுத்திப் பார்த்து, விலையைக் கேட்டதும் புருவத்தைத் தூக்கினார்.

"இந்த விலைக்கு எப்படிங்க கட்டுப்படியாகுது?"

டிரைவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "கடைக்காரன் ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். நமக்கு அந்தத் தொல்லையே கிடையாதே!"

பக்கத்தில் இரண்டு கைகளிலும் கோழிகளைப் பிடித்தபடி தங்கை நின்றிருந்தாள். கேன்டீன்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ இது யாரு?"

"என் தங்கச்சி. புருஷன் போயிட்டாரு. எங்களோடதான் இருக்கா. சோறு துணிக்கு ஒரு குறையும் வைக்கல."

"என்கிட்ட வெங்காயம் உரிக்கிறவளுக்குச் சோறும் போட்டுச் சம்பளமும் குடுக்கறேன்," என்றார் அவர். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "கறி பாத்து வாங்க, வெட்ட எனக்கு ஆள் வேணும். தங்க இடமும் இருக்கு. இஷ்டம்னா வாம்மா," என்று சொல்லிவிட்டுக் கோழிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

டிரைவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே தங்கை பெட்டியை எடுத்து வைத்தபோதுதான் அவருக்குச் சுரீர் என்றது.

"தங்கச்சிக்குச் சோறு போட வக்கில்லாம வேலைக்கு அனுப்பிட்டான்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? என் மானத்தை வாங்கணும்னே கிளம்பிட்டியா?"

"சோறு போட்டீங்கண்ணா. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஆனா செத்துப்போன கோழியைக்கூட விலையில சேத்தீங்க."

மனைவி வாசல்வரை போனாள். இருந்துவிடு என்று சொல்லத் துணிவில்லை. போய் வா என்று சொல்ல உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. அவள் எடுத்துக் கொடுத்த புடவையை நாத்தனார் மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

புதுக் குஞ்சுகள் வந்ததும் டிரைவர் இரண்டு நாள் தானே கூண்டைக் கழுவிப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஒரு ஆளை அமர்த்தினார். விலை போட உட்கார்ந்தபோது முதல் வேலையாக, "ஆள் கூலியைப் போடு," என்றார். அவரிடம் துளித் தயக்கமும் இல்லை. மனைவி போட்டாள். விலை கறிக்கடைக்குச் சமமாக வந்தது. தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள், "வீட்டுல வளத்ததாச்சே," என்று வாங்கிக்கொண்டும் போனார்கள். இத்தனை நாள் எதற்காகப் பயந்தோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். சும்மா கிடைத்ததை விட மனசில்லை என்ற பதில் தெரிந்திருந்ததால் இன்னும் கூசியது.

கேன்டீனுக்கு வேண்டிய கோழிகளை அவளே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். பின்வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தாள்.

"வாங்க அண்ணி. தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கோத்து வந்த வார்த்தைகளை விட்டுவிட்டுக் கோழிகளை இறக்கத் தொடங்கினாள்.

நாத்தனார் ஒவ்வொரு கோழியாகத் தூக்கி, சதையை அழுத்திப் பார்த்து, எடை போட்டாள். நடுவில் விலையைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"ஏறியிருக்கே?"

"ஆள் கூலி... சேந்திருக்கு."

"சேக்கத்தானே வேணும். நாள் முழுக்க நின்னு பாக்குற வேலை." பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டாள். "அந்த ஆளுக்குச் சம்பளத்தைத் தள்ளிப் போடாம குடுத்திடறீங்களா அண்ணி?"

"ஒரு தடவைகூடத் தவறினதில்லம்மா," என்றாள் அவள் அவசரமாக.

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் எதைச் சொன்னோம் என்று புரிந்தது. நாத்தனார் அடுத்த கோழியைத் தராசில் வைத்தாள்.