ஒடிந்த நுனி

அழகுமலையின் மடக்குக் கத்தி, மடக்கினாலும் உள்ளங்கைக்குள் அடங்காது. விரித்தால் ஒரு சாணுக்கு மேல் நீளும். பதினொரு வருடமாக அது அவன் இடுப்பை விட்டு இறங்கியதே அபூர்வம். துணி ரோலின் பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பதும் அதுதான், மதியம் கொய்யாக்காய் நறுக்குவதும் அதுதான், தாழ்ப்பாளில் திருகு கழன்றால் முடுக்குவதும் அதுதான். பல் குத்துவது ஒன்றுதான் பாக்கி. அதையும் செய்கிறான் என்று பேக்கிங் செக்‌ஷனில் பேச்சு உண்டு.

அவன் பேக்கிங் வேலை பார்ப்பது, குழந்தை உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில். அங்கே ஓர் ஊசி ஒடிந்தாலும் உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடாது. சொந்தமாகக் கத்தி, கத்தரி கொண்டுவரவே கூடாது. கம்பெனி கொடுத்த கட்டர் மேசையோடு சங்கிலியில் கட்டிக் கிடக்கும். கட்டர் பெட்டியிடம் போகாது, பெட்டிதான் கட்டரிடம் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் பதினெட்டு கிலோ. சட்டம் போட்டவன் ஒரு பெட்டியையாவது தூக்கிப் பார்த்திருந்தால் சங்கிலியை அவிழ்த்து விட்டிருப்பான் என்பது அழகுமலையின் கட்சி.

அந்தச் சட்டத்தைக் காக்க வந்தவள் நிர்மலா. குண்டடத்துப் பெண், முப்பது வயது. காம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று கழுத்தில் அட்டை தொங்கும். கொங்குப் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. ஆளைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, மேலே நாலு ‘ங்க’வைத் தூவி விடலாம்.

“ஏனுங்ணா, இடுப்புல புடைப்பாத் தெரியுதுங்களே, என்னங்க அது?”

“வயிறு மேடம்.”

“உங்கூர்ப் பக்கம் எல்லாருமே கத்தியோடதான் சுத்துவாங்களாமுங்க. இங்க அதெல்லாம் வேண்டாமுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபது வருடமாகிறது. ஒரு சண்டைக்குப் போனதில்லை, ஒருவனைக் கைநீட்டி அடித்ததில்லை. வேலையே போனாலும் இவள் கையில் கத்தியைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினான். ஒரு வருடத்தில் நான்கு முறை சோதனை போட்டாள். நான்கு முறையும் கத்தி துணி ரோலின் அட்டைக் குழாய்க்குள் நிம்மதியாகப் படுத்திருந்தது. அவளுக்கும் தெரியும், கையில்தான் சிக்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில் வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் ஸ்டிக்கர் அத்தனையும் மாற்ற வேண்டும். ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டு எடுத்து, ஒட்டி, பிளாஸ்டிக் பட்டை போட்டு அடுக்கி வைத்த அறுபத்து நான்கு பெட்டிகள். தூத்துக்குடி போகும் லாரி மாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். சங்கிலிக் கட்டரை நம்பினால் அடுத்த வியாழக்கிழமைதான் முடியும். அழகுமலை கத்தியை விரித்தான். பட்டையின் இரும்புக் கிளிப்பை நுனியால் நெம்புவான், டேப்பை ஒரே இழுப்பில் கிழிப்பான். கிளிப் முறுக்கிக்கொண்ட இரண்டு மூன்று பெட்டிகளில் கத்தி வழுக்கி, அட்டையைத் துளைத்து உள்ளே இறங்கியது. வேகத்தில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் ஸ்டிக்கர் மாற்றி, புது டேப் ஒட்டி, பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டன. அப்பாடா என்று உட்கார்ந்து, கொய்யாக்காயில் கத்தியை வைத்தபோதுதான் பார்த்தான். நுனி இல்லை. அரிசி அளவுக்கு ஒடிந்துபோயிருந்தது.

காலையில் அந்த நுனியால்தான் கால் விரலில் முள் எடுத்திருந்தான்; ஒடிந்தது பெட்டி கிழித்தபோதுதான். காந்தக் கட்டையை எடுத்துத் தரை முழுக்கத் தேய்த்தான். கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும்தான் ஒட்டிக்கொண்டு வந்தன. எந்தப் பெட்டிகளில் கத்தி இறங்கியது என்று அவனுக்கே தெரியாது. ஓட்டையெல்லாம் புது டேப்புக்கு அடியில் போய்விட்டது. உள்ளே இருப்பது மூன்று மாதக் குழந்தையின் உடுப்பு, அதன் கழுத்துப் பட்டி அவன் மூன்று விரல் அகலம்கூட இராது. வேலை போகும் என்பதுகூட அழகுமலைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போயும் போயும் நிர்மலாவின் முன்னால் தோற்று நிற்க வேண்டுமே என்பதுதான் கசந்தது. நின்று யோசித்தால் போக மாட்டோம் என்று தெரிந்ததால், நிற்காமல் அவள் அறைக்கு நடந்தான்.

நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னான். அவன் கத்தியை நீட்டியதும், பழக்கத்தில் மேசையைக் காட்டினாள். இரும்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பார்கள்.

“இனிமே வர்றதுக்கு நமக்குள்ள என்ன சண்டைம்மா பாக்கி இருக்கு?” என்று மேசை மேல் வைத்தான்.

அவள் கத்தியைத் தொடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இந்தக் கம்பெனிக்குள்ள சொந்தக் கத்தி ஒண்ணு கூட இல்லைன்னு போன மாசம்தான் ஆடிட்ல எழுதிக் குடுத்திருக்கேனுங்க. அதுல இருக்கறது என்ற கையெழுத்துங்க.”

“இருக்கே. இந்தா, கண்ணு முன்னாடி கெடக்கு.”

“எல்லாமே மெஷின்ல போய்ட்டு வந்த பெட்டிதானுங்களே.”

“அது நான் கிழிக்கிறதுக்கு முன்னாடிம்மா.”

“நுனி வெளிய எங்கியாச்சும் கூட விழுந்திருக்குமுங்க. நீங்க இதை எடுத்துட்டுப் போயிருங்க. லாரி போகட்டுமுங்க. நீங்களும் சொல்லலை, நானும் கேக்கலை.”

அழகுமலைக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு வருடமாகக் கொடு கொடு என்று உயிரை எடுத்தவள், கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். அவளைக் கொலைகாரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கத்தி இவனுடையது. கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

லாரியின் பின்கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. ஏறினான். முதல் பெட்டியின் டேப்பைக் குறுக்கே கிழித்தான். கிழிந்த பெட்டி கப்பல் ஏறாது. இரண்டாவது, மூன்றாவது என்று கிழித்துக்கொண்டே உள்ளே போனான். டிரைவர் போட்ட சத்தத்தில் செக்‌ஷனே ஓடிவந்தது.

“மதுரக்காரன் கத்திய எடுத்துட்டானுங்க,” என்றார் வாட்ச்மேன் ஆறுச்சாமி. கூட்டம் மொத்தமும் பத்தடி பின்னால் போனது. ஒருவன்கூட ஏறவில்லை. மதுரைக்காரன் என்றால் கத்திக்காரன் என்று இருபது வருடமாக அவனை எரிய வைத்த அந்தப் பயம் அன்றைக்கு அவனுக்கு முழுசாகக் கால் மணி நேரம் கொடுத்தது. அறுபத்து நான்கையும் கிழித்துவிட்டுத்தான் இறங்கினான்.

முதலாளி வந்தார். நுனி விஷயத்தை அத்தனை பேர் முன்னாலும் அழகுமலை உரக்கச் சொன்னான். நிர்மலா தலை நிமிரவே இல்லை. பெட்டிகளை இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்பிப் போனது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அவனை கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். கைக்காசு வைத்திருந்த சோற்றுப் பை உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஆனால் அவன் அதற்காக நிற்கவில்லை. நுனி அகப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் அவனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. உள்ளே ஒவ்வோர் உடுப்பாக மறுபடியும் மெஷினில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறுச்சாமி பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். இவன் கேட் கம்பி வழியாக உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டுகிற நேரத்தில் நிர்மலா கேட்டுக்கு வந்தாள். சோற்றுப் பையை அவன் காலடியில் வைத்தாள்.

“நாளைலருந்து வர வேண்டாமுங்க.”

“தெரியும். கெடச்சதா?”

“ஐம்பத்தோராவது பெட்டிங்க. மெஷின் கத்துச்சு. கண்ணுக்குத் தெரியலைன்னு கையில தடவிப் பாத்தேனுங்க.” அவள் குரலில் ஈரமே இல்லை. “உங்க கத்தி இல்லீன்னா அது அங்க போயிருக்காதுங்ணா.”

“ஆமா. நான் கிழிக்கலைன்னா நீங்க அனுப்பியிருப்பீங்க.”

திரும்பிப் போனவள் நின்று, அவன் முகத்துக்கு நேராக ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனியில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

“கழுத்துப் பட்டியில இருந்துச்சுங்க,” என்றாள். “நல்லா ஆழமாக் குத்திருச்சு.”

அழகுமலைக்கு அவள் மேல் இருந்த கோபம் துளியும் குறையவில்லை. ஆனால் அந்த விரலைப் பார்க்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.