ஸ்வர்ணலதா சொன்ன மருந்து

நாய்க்குட்டி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தபோதும் ஸ்வர்ணலதாவுக்குப் பயம் வரவில்லை. மருந்து தெரிந்தவளுக்கு என்ன பயம்?

ஆந்திரப் பக்கம் பிச்சாட்டூர் ஏரிக்கு அப்பால் இருந்த அந்த ஊரில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. நாற்பத்திரண்டு வயது, கணவன் முரளிதரன் மினி வேன் ஓட்டுகிறவன். அவள் போனில் 'நம்ம வீட்டு வைத்தியம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினாள். நானூறு பேர். சளிக்குக் கற்பூரவல்லி, வயிற்றுப்போக்குக்கு மாதுளைத் தோல், மூட்டு வலிக்கு முடக்கத்தான் என்று அவள் சொல்வதை நகரியிலும் சித்தூரிலும் இருக்கிற பெண்கள்கூடக் கேட்டு நடந்தார்கள். பாதிக்கு மேல் பலிக்கவும் செய்தது. பலித்ததை ஊரே சொன்னது. பலிக்காததை யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் வளர்த்த நாய், ஊசி போட்ட மறுநாள் செத்துப்போனது. ஊசி போடும்போதே அது சாகக் கிடந்தது என்பான் முரளி. அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஊசி என்பது உடம்பில் ஏற்றுகிற விஷம் என்று அன்றைக்கு ஆத்திரத்தில் அவள் குழுவில் போட்ட குரல் செய்தி ஊர் ஊராகச் சுற்றியது.

இந்தக் குட்டியை முரளிதான் ஏர்பேட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இருந்து கொண்டுவந்தான். லோடு இறக்கிவிட்டுக் கிளம்பும்போது காலையே சுற்றிக்கொண்டு வந்ததாம். இரண்டு மாதக் குட்டி. உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று பேர் வைத்தாள். காதோரம் ஒரு கடிக்காயம் பாதி ஆறியிருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு ஒரே வாரத்தில் ஆற்றினாள். ஆறிய காதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள்.

மூன்று வாரம் துள்ளிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது.

வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை வெல்லத்தோடு அரைத்து உருட்டிக் கொடுத்தாள். உருண்டை வாயோரமாக வெளியே வந்து விழுந்தது. மறுநாள் பெருங்காயம் போட்ட மோர், சாயங்காலம் சீரகத் தண்ணீர். கரண்டியைக் கொண்டுபோனாலே குட்டியின் கழுத்து இழுத்துக்கொண்டது. வாயில் விட்டது அப்படியே எச்சிலோடு கோழையாக வழிந்தது. குரலும் மாறியிருந்தது. குரைத்தால், தொண்டை கட்டின குழந்தை அழுகிற மாதிரி ஒரு கரகரப்பு. வாசல் கதவைத் திறந்து வெயில் உள்ளே வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அங்கே முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஈறில் ரத்தம் வந்தும் விடவில்லை.

"பல்லு மொளைக்கிற ஊறல்" என்றாள் ஸ்வர்ணலதா. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

இரண்டு வீடு தள்ளி இருந்த நாராயணசாமி எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, கரும்பும் கொஞ்சம் வேர்க்கடலையும் பயிர் வைத்திருந்தார். அவருடைய காலில் மாதக்கணக்காக ஆறாமல் இருந்த புண்ணை ஸ்வர்ணலதாவின் எண்ணெய்தான் ஆற்றியது. அதிலிருந்து அவள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கினு கீது போலமா" என்றார். "நான் புடிச்சிக்கிறேன். நீ வெரல விட்டுப் பாரு."

அவர் குட்டியை மடியில் இடுக்கித் தாடையைப் பிளந்து பிடித்தார். அவள் இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். விதைக் கடலை உரித்து உரித்து அவளுடைய விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்த சமயம் அது. எச்சில் பட்டதும் எரிந்தது. எலும்பு எதுவும் தட்டுப்படவில்லை. விரலை எடுத்த நொடியில் குட்டி திமிறியது. பிடி நழுவி நாராயணசாமியின் கட்டைவிரல் அதன் பல்லுக்குள் மாட்டிக்கொண்டது. ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. ஒரு சொட்டு ரத்தம்.

ஸ்வர்ணலதா ஓடிப்போய் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினாள்.

"பால் பல்லு. இன்னா பண்ணிடும்?" என்று சிரித்துக்கொண்டே அவர் கழனிக்குப் போனார்.

மறுநாள் காலை ஜமீலா வந்தாள். அவள் ஊரின் ஆஷா சுகாதார ஊழியர். சொட்டு மருந்துக்குக் குழந்தைகள் கணக்கெடுக்க வந்தவள். கட்டிலுக்கு அடியில் பார்த்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பட்டாணி பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் முட்டியது. மறுபடியும் அதே சுவரை முட்டியது.

"அக்கா, தண்ணி குடிக்குதா?"

"வாய் வரைக்கும் போவுது. முழுங்க முடியல. ஆடாதொடை கஷாயம் காய்ச்சி வெச்சிருக்கேன், இப்போ குடுக்கணும்."

"நீங்க கிட்ட போவாதீங்க." ஜமீலாவின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "அண்ணன் இத எங்கேர்ந்து கொண்ணாந்தாரு? அங்க ஒரு போன் போடச் சொல்லுங்க. இப்பவே."

முரளிதரன் சூளைக் காவல்காரர் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டான். தெலுங்கில் நலம் விசாரித்து, சிரித்து, குட்டியைப் பற்றிக் கேட்டான். அதற்குப் பிறகு 'ஆ', 'ஆ' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"தாய் நாய்க்கு வெறி புடிச்சி அடிச்சிக் கொன்னுட்டாங்களாம். நான் கொண்ணாந்த மறுவாரம். கூடப் பொறந்த ரெண்டு குட்டியும் செத்துப்பூட்ச்சாம்."

அடுப்பில் கஷாயம் பொங்கி வழிந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

மத்தியானத்துக்குள் பட்டாணி செத்துப்போனது. ஜமீலா சொல்லி வந்த கால்நடை ஆஸ்பத்திரி ஆள் கையுறை போட்டு அதைப் பையில் கட்டிப் பரிசோதனைக்காகத் திருப்பதிக்கு எடுத்துப்போனான். ஸ்வர்ணலதாவும் முரளியும் கையைச் சோப்பு போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டு வேனில் கிளம்பினார்கள். ஸ்வர்ணலதா நாராயணசாமிக்கு ஒரே ஒரு தடவை போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. கழனியில் இருப்பார் என்று தெரியும். போய்க் கூப்பிட அரை மணி நேரம் ஆகும். முரளி வண்டியை எடுத்துவிட்டான். அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் கீர்த்தி என்ற இளம் டாக்டர் அவள் விரல்களை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்புடு கரிச்சிந்தி?" எப்போது கடித்தது என்று தெலுங்கில் கேட்டாள்.

"கடிக்கலமா. வாய்க்குள்ள கைய விட்டேன். வெரல்ல வெடிப்பு இருந்துச்சி."

டாக்டர் தமிழுக்கு மாறினாள். வெடிப்பில் எச்சில் பட்டாலும் கடித்த மாதிரிதான் என்றாள். தோளில் ஒரு ஊசி. பிறகு ஒவ்வொரு வெடிப்பைச் சுற்றியும் சின்னச் சின்னதாகக் குத்தினார்கள். விரல் நுனியில் குத்துகிற வலியில் ஸ்வர்ணலதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாரைக் கடிச்சுது?"

"பக்கத்து வீட்டு மாமா ஒருத்தர."

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நோய் வெளியில தெரிஞ்சிட்டா அப்புறம் எங்கயும் மருந்து கிடையாதுமா. எந்த ஊர்லயும் கிடையாது."

திரும்பி வந்து இறங்கியதும் அவள் நேரே நாராயணசாமி வீட்டுக்குப் போனாள். அவர் கரும்புச் சோகையைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேன் மாமா."

"ஊசி விஷம்னு சொன்னது நீதானமா?"

"தெரியாம சொல்லிட்டேன். இதுக்கு வேற மருந்து இல்ல. எங்கிட்டயும் இல்ல. நாளைக்குக் காலைல வேன்ல போலாம், வாங்க."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "பயந்துட்ட நீ. பொண்ணுதான, பயம் இருக்கும். என் கால வெட்டணும்னு சொன்னாங்க ஆஸ்பத்திரியில. நீதான் காப்பாத்துன. இன்னைக்கு உன் மருந்து ஆவாதுன்னா எப்படி? இதோ பாரு" என்று கட்டைவிரலைக் காட்டினார். "ஆறிப்பூட்ச்சி."

உண்மைதான். ஒரே நாளில் இரண்டு புள்ளியும் மூடிக் காய்ந்திருந்தது.

இரண்டு நாளில் பரிசோதனை முடிவு வந்தது. வெறிநோய்தான். ஜமீலா சுகாதார ஆய்வாளரை அழைத்துக்கொண்டு போனபோது நாராயணசாமி வீடு பூட்டியிருந்தது. சித்தூரில் இருக்கிற மகள் தாட்சாயணி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஸ்வர்ணலதா தாட்சாயணிக்குப் போன் செய்தாள்.

"ஆமாக்கா, நைனா சொன்னாரு, குட்டி நாய் பல்லு பட்டுச்சின்னு. ஊசி போட்டுக்கினேன்னாரே?"

இதுதான் அவளுக்குக் கிடைத்த தருணம். அவர் பொய் சொல்கிறார், ஊசி போடவில்லை என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் போடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். தாட்சாயணியும் குழுவில் இருக்கிறவள். அவள் புருஷன் வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேரும் இருக்கிறார்கள்.

"சரிமா. மறுபடியும் ஒருவாட்டி கேட்டுக்கோ" என்றாள் ஸ்வர்ணலதா.

"கேக்கறேங்க்கா."

அன்றைக்கே குழுவில் பேச மூன்று தடவை முயன்று மூன்றையும் அழித்தாள். கடைசியில், 'நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது' என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். தனக்கு நடந்ததைச் சொல்லவில்லை.

ஜமீலா கேட்டபோது, தாட்சாயணியிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். அதில் பொய் இல்லை. மூன்றாம் நாள் ஊசி, ஏழாம் நாள் ஊசி என்று தனக்கு உரியதை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டாள். வாரம் ஒருமுறை சித்தூருக்குப் போன் செய்தாள். நைனா நல்லாக் கீறாரு, பேத்தியை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுறாரு என்று தாட்சாயணி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஸ்வர்ணலதாவுக்கு மூச்சு கொஞ்சம் லேசாகும். ஒருவேளை ஒன்றும் ஆகாது. கடிபட்ட எல்லோருக்குமா வருகிறது? சுண்ணாம்பு காரத்தில் கிருமி செத்திருக்கலாம்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. அன்று திருப்பதியில் டாக்டர் அவளுடைய சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்த மாமா எந்த ஆஸ்பத்திரியில போட்டுக்கறாரு?" என்று கேட்டாள். ஸ்வர்ணலதா சீட்டை வாங்கி நாலாக மடித்தாள். டாக்டர் பேனாவை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து அவள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். வழியில் பாகாலா தாண்டும்வரை என்ன பேசுவது என்று யோசித்தாள். பிறகு யோசனையும் நின்றுபோனது.

தாட்சாயணி வீட்டுக் கூடத்தில் நாராயணசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல புழுக்கம். ஆனால் மின்விசிறி ஓடவில்லை.

"வாமா" என்றார். குரல் கம்மியிருந்தது. பேசும்போதே இடது கையால் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது.

"இன்னா மாமா ஆச்சி கைக்கு?"

"ரெண்டு நாளா நமநமன்னுது. எறும்பு ஊறாப்புல. தோள் வரைக்கும் ஏறுது." அவர் சிரிக்கப் பார்த்தார். "அதுக்கு ஒரு எண்ணெய் சொல்லேன்."

"ஃபேன் போட்டா ஒடம்பு உதறுதுன்றாருக்கா" என்றபடி சமையலறையில் இருந்து வந்தாள் தாட்சாயணி. "காலைல இருந்து காப்பிகூட வேணான்றாரு. சளி புடிச்சிருக்கும். நானே உங்கள கேக்கணும்னு இருந்தேன், இன்னா கஷாயம் குடுக்கலாம்?"

ஸ்வர்ணலதா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எலும்பு என்று நினைத்து வாயைப் பிளந்தது, சூளையில் செத்த நாய், திருப்பதி டாக்டர் சொன்னது, அவர் ஊசியே போட்டுக்கொள்ளாதது. தாட்சாயணி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு ஆட்டோவுக்கு ஓடினாள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் அன்று சாயங்காலமே திருப்பதிக்கு அனுப்பினார்கள். தனி அறையில் வைத்தார்கள். அவர்களால் முடிந்தது வலி தெரியாமல் தூங்க வைப்பதுதான். நாராயணசாமி நான்காம் நாள் இறந்துபோனார். நினைவு இருந்தவரையில் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஸ்வர்ணலதா வந்திருக்கிறாளா என்று மட்டும் ஒருமுறை கேட்டார். வந்திருக்கிறாள் என்று சொன்னதும் தலையை ஆட்டினார்.

அவள் நான்கு நாளும் அறைக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்துதான் குழுவில் பேசினாள். அழிக்காமல், நடந்தது நடந்தபடி. முரளி வந்து கூப்பிட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

உடம்பை வாங்குவதற்கு முன்னால் தாட்சாயணி வெளியே வந்து அவள் எதிரில் நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"அன்னைக்குப் போன்ல நான் கேட்டனே. ஊசி போட்டுக்கினாருன்னு நான் சொன்னப்போ, இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே போட்டிருந்தா?"

"பொழச்சிருப்பாரு."

"பின்ன ஏன் சொல்லல?"

ஸ்வர்ணலதா எழுந்து நின்றாள். "என் பேரு கெட்டுப்பூடும்னு" என்றாள்.

தாட்சாயணி உடம்பை வாங்குகிற காகிதத்தில் கையெழுத்துப் போட உள்ளே போனாள்.