ஓட்டை அடைத்த டின்

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் நல்லசாமி வாத்தியார் வருடக்கணக்காகக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தி வந்தார். காற்றுக்கு எடை உண்டு, காற்று எல்லாப் பக்கமும் அழுத்தும் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் பஜனை மாதிரி திருப்பிச் சொல்வார்கள். பரீட்சையில் எழுதுவார்கள், தேறுவார்கள். யாருக்கும் ஒரு குறையுமில்லை.

கெடுத்தது நீலாவதிதான். பால்மரம் வெட்டும் வள்ளிநாயகியின் மகள், ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் கையைத் தூக்கி, "நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

பார்த்ததில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பார்த்ததில்லை. புத்தகத்தில் ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான். டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆவி வரும்போது இறக்கி மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெளிக்காற்றே அதை நசுக்கிவிடும். செய்து காட்டுகிறேன் என்று வாத்தியார் வாக்குக் கொடுத்தார். யோசிக்காமல் வாக்குக் கொடுப்பது அவருக்கு ஒரு வியாதி. கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

ஆனால் அது வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலம். கூலிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் துப்பாக்கி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, எந்த டின்னை விற்றாலும் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டே கொடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது சீக்கிரம் கெட்டுப்போகும், யாரும் சேர்த்து வைக்க முடியாது. இந்த லட்சணத்தில் வாத்தியார் காதர் மைதீன் கடைக்குப் போய், ஓட்டையில்லாத டின் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். காதர் மைதீன் குரலைத் தாழ்த்தி, தனக்கும் பிள்ளைகுட்டி இருப்பதை நினைவூட்டினார். பிறகு மனசு கேட்காமல், திருகுமூடி போட்ட காலி எண்ணெய் டின் ஒன்றை எடுத்தார். காலிதானே என்றுகூடப் பார்க்காமல் அதன் தலையில் ஆணியை வைத்து ஓர் அடி. கை பழகிவிட்டது.

வாத்தியார் அதை வீட்டு வாசலில் வைத்து, ஈயம் காய்ச்சி ஓட்டையை அடைத்தார். விரல் வெந்ததுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தார்.

மறுநாளிலிருந்து லயமே மாறிப்போனது. பைப்படிக்கு அவர் வந்தால் பேச்சு நின்றது. கேட்டுக் காவல் முனியாண்டி, தினமும் சலாம் வைக்கிறவன், அவர் குடையை விரித்து உள்ளே எட்டிப் பார்த்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சந்திரன் வழியில் நிறுத்தி, காட்டுப் பக்கம் சொந்தக்காரர் யாரும் உண்டா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று வாத்தியார் தலையைப் பிய்த்துக்கொண்டார். காதர் மைதீனா? கிராணியா? மனைவி மங்கம்மா கேட்காமலே காப்பி போட்டுக் கொடுத்தபோது அவள்மேலும் சந்தேகம் வந்தது.

பள்ளி கம்பிவேலிக்கு வெளியே இருந்தது. டின்னைப் பையில் போட்டுக்கொண்டு போன அன்று முனியாண்டி அதை வெளியே எடுத்து, ஈயத்தை விரலால் தடவினான்.

"அடைச்சது யாரு வாத்தியாரே?"

"நான்தான்."

"எதுக்கு?"

"காத்து போகாம இருக்க."

முனியாண்டி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "காத்துக்கு யாராச்சும் பூட்டுப் போடுவாங்களா?" என்றவன் டின்னைக் கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் சிரம்பானிலிருந்து போலீஸ் ஜீப் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தமிழ் தெரிந்தவர். அதட்டாமல் பேசினார். ஓட்டையை அடைத்ததற்கு ஒழுங்கான காரணம் இல்லையென்றால் தடுப்புக் காவல், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல் என்றார். பிறந்ததிலிருந்து இந்தியாவைப் பார்த்திராத வாத்தியாருக்கு, இப்படியா பார்க்கவேண்டும் என்றிருந்தது.

கிராணி நீலாவதியை முன்னால் தள்ளினார். வாத்தியாருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவள்தான் பார்த்தாளாம்.

"வாத்தியார் ஓட்டைய அடைச்சத நீ பாத்தியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பாத்தேன். ஆத்தாகிட்ட சொன்னேன்."

"காட்டுக்கு அனுப்பத்தானே அடைச்சாரு?"

"அத நான் பாக்கல. அது கிராணி ஐயா சொன்னது."

கிராணி கூரையில் ஏதோ ஒழுகுவதுபோல அண்ணாந்து பார்த்தார்.

பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தத்தான் அடைத்தேன் என்றார் வாத்தியார். சரி, அந்தப் பாடத்தை இங்கேயே நடத்து என்றார் இன்ஸ்பெக்டர். அடுப்பு மூட்டினார்கள். ஈயம் ஒழுகினால் டின் நசுங்காது, டின் நசுங்காவிட்டால் கப்பல். ஆவி வந்ததும் வாத்தியார் டின்னைத் துணியால் பிடித்து இறக்கி மூடியைத் திருகினார். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார். டொப்பென்று டின் இடுப்பொடிந்து நசுங்கியது. முனியாண்டி துப்பாக்கியைத் தூக்கிவிட்டான்.

வாத்தியாருக்கு மூச்சு வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் முகம் மாறவில்லை.

"சூட்டுத் தகரத்துல பச்சத் தண்ணி பட்டா சுருங்காதா? இதுக்கு எதுக்கு ஓட்டைய அடைக்கணும்?"

பதில் தெரியும். ஆனால் அதுவும் புத்தகத்தில் படித்ததுதான். அப்போது நீலாவதி கையைத் தூக்கினாள்.

"எனக்கும் அதே சந்தேகம்தான் சார். ஓட்ட டின்னுல செஞ்சு பாத்தா தெரிஞ்சிரும்."

போச்சு, இதுவும் போலீஸ் பக்கம் சேர்ந்துவிட்டது என்று வாத்தியார் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கேட்டது என்னவென்று உறைத்தது. இத்தனை வருடத்தில் அது அவருக்கே தோன்றியதில்லை.

ஓட்டை டின்னுக்கா அந்தத் தோட்டத்தில் பஞ்சம்? முனியாண்டி ஓடிப்போய்க் காதர் மைதீன் கடையிலிருந்து அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான். அதே தண்ணீர், அதே தீ, அதே மூடி. வாளித் தண்ணீர் முழுதையும் ஊற்றியும் டின் அசையவில்லை. கிராணியைப் போல விறைப்பாக நின்றது.

இன்ஸ்பெக்டர் இரண்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அப்போதும் அது நசுங்கவில்லை.

"அடைக்காம இந்தப் பாடம் நடத்த முடியாது. அப்படித்தானே?"

"முடியாதுங்க."

சட்டம் சட்டம்தான் என்று, நசுங்கிய டின்னில் முனியாண்டியை ஆணியால் ஓட்டை போடச் சொன்னார். பிறகு விசாரணைக்குத் தேவைப்படும் என்று சொல்லி, அதை ஜீப்பில் தன் பக்கத்துச் சீட்டிலேயே வைத்துக்கொண்டு போனார்.

விசாரணைக்கா, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டவா? வாத்தியாருக்குச் சந்தேகம்தான். நீலாவதி பக்கத்தில் நின்றதால் வாயைத் திறக்கவில்லை. பார்க்காததை எப்படிச் சொல்வது?