மெழுகு வால்வைக் கழற்றிய ஞாயிறு

1.

கழுத்து வலிக்கிறது. இடது தோளிலிருந்து காதுக்குப் பின்னால் வரை யாரோ கம்பியை முறுக்கி வைத்ததுபோல. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு பழைய காரின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு டார்ச் பிடித்து நின்றதற்குக் கிடைத்த கூலி. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்த பானட்டுக்குள்ளிருந்துதான்.

முதலில் எழுதிய தொடக்கம்: "இயந்திரத்துக்கும் இதயம் உண்டு, அதன் நாளங்களில் ஓடுகின்ற—"

நிறுத்திவிட்டேன். ஹோஸ் என்றால் ஹோஸ். ரப்பர் குழாய். அப்பா மூட்டை தூக்கினார், அண்ணன் தூக்கினான், நானும் ஆறு வருடம் தூக்கினேன். மூட்டையைப் பார்த்து எவனாவது "வாழ்வின் பாரம்" என்று சொல்லியிருந்தால் அவன் முதுகில் ஒன்றை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

2.

இரண்டாவது தொடக்கம்: "மெக்கானிக் மீசையைத் தடவியபடி பானட்டைத் திறந்தார்."

மெக்கானிக்குக்கு மீசை கிடையாது. அவர் என் அண்ணி. வாசகர் சட்டென்று நம்பட்டும் என்று ஆணாக்கினேன். படித்துக் காட்டியபோது அண்ணி சிரிக்கவில்லை.

"ஏன் கொழுந்தனாரே, மீசை வச்சாத்தான் ஸ்பேனர் சுத்துமா?"

அடித்துவிட்டு அண்ணியையே எழுதுகிறேன். மாவு மில்லுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். ஆரம்பத்தில் கார்க்காரர்கள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா போயிருக்காரு?" என்பார்கள். "காருக்கு அடியில" என்று சொல்லிவிட்டு அண்ணி அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். இப்போது யாரும் கேட்பதில்லை.

பழைய கார் அண்ணனுடையது. இடுப்பு போனபிறகு மூட்டையை விட்டுவிட்டு வாடகைக்கு ஓட்டுகிறான். நிலையான சவாரி ஒன்றே ஒன்று: சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு டீச்சர். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். வீடு நடப்பது அதில்தான். இரண்டு மாதத்தில் இரண்டு முறை அவரை வைத்துக்கொண்டு கார் நடுவழியில் நின்றது. இரண்டு முறையும் விரல் பருமன் ஹோஸ் ஒன்று வெடித்து, தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது.

இரண்டாம் முறை டீச்சர் சொன்னார்: "தம்பி, எனக்கு மிச்சம் இருக்கிற நேரத்தை ரோட்டோரத்துல உக்காந்து செலவழிக்க முடியாது. இன்னொரு தடவை நின்னா வேற கார் பாத்துக்கறேன்."

"இனி நிக்காது டீச்சர்" என்று வாக்குக் கொடுத்தது அண்ணனல்ல, அண்ணி.

3.

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாமல் அண்ணியின் மூளை புரியாது.)

ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் போய்வரப் பெரிய ஹோஸ் இரண்டு போதும். இந்தக் காரில் அது தவிர ஒன்பது சின்ன ஹோஸ்கள், இன்ஜினுக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில். சில, காற்று உள்ளே போகும் வாயில் பனி உறையாமலிருக்க சுடுதண்ணீர் கொண்டுபோகின்றன. எங்கள் பக்கம் ஐஸைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறோம்.

மற்றவை ஒரு வால்வுக்குப் போகின்றன. அதற்குள் கொஞ்சம் மெழுகு. இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் மெழுகு சுருங்கி, காற்றுக்கு ஒரு குறுக்குவழி திறந்திருக்கும். கார் நின்ற இடத்திலேயே இன்ஜின் சற்று வேகமாக ஓடிச் சூடேறும். சுடுதண்ணீர் வந்ததும் மெழுகு உருகிப் பருத்து அந்த வழியை அடைக்கும், ஓட்டம் நிதானமாகும். இதை யோசித்தவன் கெட்டிக்காரன். ஆனால் இருபத்தைந்து வருடம் கழித்து அந்த ரப்பரை யார் மாற்றுவார்கள் என்று அவன் யோசிக்கவில்லை.

4.

"ஒன்பதையும் எடுத்துடப் போறேன்" என்றார் அண்ணி.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா? காரணமில்லாமலா வச்சிருப்பான்?"

"காரணம் இருக்கு. அந்தக் காரணம் உங்க காருக்கு இல்லங்க."

"அப்ப ஹோஸை மட்டும் வெட்டி அடைச்சு விடு. வால்வு பாட்டுக்கு இருக்கட்டும்."

"நல்லா இருக்கே! தண்ணியை நிறுத்திட்டா மெழுகு எப்படிச் சூடாகும்? வழி திறந்தே கெடக்கும். சிக்னல்ல நிக்கிறப்பவும் கார் மலையேறுற மாதிரி கத்தும். எடுத்தா ரெண்டையும் எடுக்கணும்."

வால்வைக் கழற்றினார். அது இருந்த துளைக்கு அளவெடுத்து, அலுமினியத் தகட்டில் மூடி வெட்டினார். அரம் போட்டு ஓரம் தேய்த்து, நாக்கில் விரலைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்பது ஹோஸ் போன இடத்தில், ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் திரும்ப ஒரேயொரு குட்டை வளைவு ஹோஸ். முன்பு பாம்புப் புற்று மாதிரி இருந்த இடத்தில் இப்போது தரை தெரிந்தது.

"இனி காலையில ஸ்டார்ட் பண்ணா, ரெண்டு நிமிஷம் லேசா மிதிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் அண்ணனிடம். "மெழுகு பாத்த வேலையை உங்க கால் பாக்கணும்."

"ரெண்டு நிமிஷமா?"

"ஆமா. டீச்சர் ரோட்டுல உக்காந்தது நாப்பது நிமிஷம்."



5.

ஓட விட்டு, சூடேறியபின், ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி இன்ஜின் தலையில் வைத்தார்.* நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினார். தண்ணீரில் அலை பெரிதாக எழுந்தது, குறைந்தது, விளிம்பில் மட்டும் நடுங்கியது. கையை எடுத்துவிட்டார். மீட்டர் எதையும் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் எவரிடமும் நான் பொறாமைப்பட்டது குறைவு. அன்று பட்டேன்.

(* மூடி போட்ட இடம், கசிவு, விசிறி எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் டம்ளர். "வித்தை காட்டுறதா எழுதிடாதீங்க" என்றார்.)

நல்ல முடிவு வேண்டுபவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். நானும் முதல் பிரதியை இங்கேதான் முடித்தேன்.

6.

புதன்கிழமை கார் நின்றது. ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவில், புகை கக்கிக்கொண்டு. டீச்சர் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். அவருடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் காத்திருந்தார்.

மறுநாள், விஷயத்தைக் கேட்க ஷெட்டுக்கே வந்த டீச்சரை வைத்துக்கொண்டே அண்ணன் கத்தினான். "நல்லா ஓடின காரைப் பிரிச்சு மேஞ்சுட்டா டீச்சர் இவ!"

அண்ணி குனிந்து பார்த்தார். தகட்டு மூடி அசையவில்லை. குட்டை ஹோஸ் மாட்டியிருந்த பிளாஸ்டிக் முனையில் முடி போல ஒரு விரிசல்.

"பழைய பிளாஸ்டிக். நான் பாத்து மாத்தியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "டிரைவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அவர் வரட்டும். ஆனா இனிமே காரை வேற ஷெட்ல காட்டணும்."

அண்ணன் தலையாட்டினான். சவாரி தப்பித்தது. இப்போது அவன் கார் அண்ணியின் ஷெட்டைத் தாண்டி இன்னொரு ஷெட்டுக்குப் போகிறது. மாவு மில்லில் பேசிக்கொள்கிறார்கள்: "புருஷனே நம்பலையாம்." இந்த வாரம் இரண்டு கார்கள் வரவில்லை.

7.

நான்காம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல.

அண்ணி தகடு வெட்டப் போனபோது, குட்டை ஹோஸை மாட்டச் சொன்னது என்னிடம். "பிளாஸ்டிக் பழசு, கொழுந்தனாரே. ஹோஸை இறுக்குற கிளிப்பு, ரெண்டே சுத்து. அதோட நின்னுடுங்க."

நான்கு சுற்று சுற்றினேன். லாரியில் கயிறு தளர்ந்து, அப்பாவின் கூட்டாளி மேல் சுமை சரிந்ததைப் பார்த்த வீடு எங்களுடையது. இறுக்கு, இன்னும் இறுக்கு என்று சொல்லித்தான் எங்கள் கை வளர்ந்தது. இரண்டு சுற்று எனக்கு அவிழ்ந்து கிடப்பது மாதிரி இருந்தது. நான்காவதில் 'டிக்' என்றது. துணியால் துடைத்தேன். கசியவில்லை. வாயைத் திறக்கவில்லை.

8.

முடிவு அ: அண்ணிக்குத் தெரியும். கிளிப் பதிந்த தடத்தைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது, எனக்காக ஏற்றுக்கொண்டார். [இப்படி எழுதினால் அவர் தெய்வமாகிவிடுவார், நான் தப்பித்துவிடுவேன்.]

முடிவு ஆ: தெரியாது. தன் கண் தவறிவிட்டது என்றே நம்புகிறார். இப்போதெல்லாம் வருகிற ஒவ்வொரு காரிலும் பிளாஸ்டிக்கை மூன்று முறை தடவிப் பார்க்கிறார். [தடவிப் பார்ப்பது மட்டும் உண்மை. நானே பார்த்தேன்.]

நேற்று ஒரு வேனுக்கு டார்ச் பிடித்தபடி சுற்றி வளைத்துக் கேட்டேன். "அண்ணி, அது எப்படி உடைஞ்சிருக்கும்?"

"உடையற பொருள் உடையும். டார்ச்சை நேராப் பிடிங்க."

இதை எந்த முடிவில் சேர்ப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த உரிமை இல்லை. இங்கே எழுதியதும் கணக்கில் வராது. அண்ணனும் டீச்சரும் கதை படிப்பவர்கள் அல்ல. அண்ணியை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரிடமும், "அந்த முனையை உடைச்சது நான்" என்று நான் வாயால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.