மூசா ராவுத்தர் மனைவிக்குத் துணி ஆகாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். பாலக்காட்டிலிருந்து புதுநகரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா இடது விலாப்பக்கத்துச் சேலையை இரண்டு விரலால் கிள்ளி, உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். கூட்டம் நெருக்கும்போதெல்லாம் கணவர் கையை நீட்டி முன்கம்பியைப் பிடித்து, அந்தப் பக்கத்துக்கு ஒரு வேலி போட்டார். இறங்கும்போது கண்டக்டரிடம், "கொஞ்சம் பொறுங்க, அவளுக்கு இந்தப் பக்கம் துணி பட்டாலே ஆகாதுங்க" என்றார்.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

அவர்களுக்கு ஹவ்வா என்றும் மூசா ராவுத்தர் என்றும் பெயர் வைத்தேன். முதல் வரைவில் மூசா அரிசி வியாபாரி. அரிசி வியாபாரிக்கு மனைவியைப் பார்த்துப் பரிதாபப்படுவதைத் தவிரக் கதையில் வேலையே இல்லை. ஆகவே துணிக்கடை ஒன்றை வைத்துக் கொடுத்தேன். துணி ஆகாதவளுக்குத் துணிக்கடைக்காரர் புருஷனா, ரொம்ப வசதியாகப் போயிற்றே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வசதிதான். எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வசதி இருக்கிறது?

2

முதல் தொடக்கம்: 'ஹவ்வாவின் விலாவில் நெருப்பு ஒரு நாகமாய் ஊர்ந்து—'

வேண்டாம். ஹவ்வா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள். இப்படிப் பேசுகிறவனை வாசலோடு அனுப்பிவிடுவாள்.

இரண்டாம் தொடக்கம், கட்டுரை மாதிரி: சின்ன வயதில் வந்துபோகும் சின்னம்மை உண்மையில் போவதில்லை. அதன் கிருமி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேரில் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கிறது. வயதாகி, உடம்பின் காவல் தளரும்போது எழுந்து, ஒரு நரம்பின் வழியே நடந்து தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. யார் சாபமும் இல்லை, யாருடைய அழுக்கும் இல்லை.

(இது சரியான தகவல். ஆனால் இதில் ஹவ்வா எங்கே?)

மூன்றாவது, இதையே வைத்துக்கொள்ளலாம்: விலாவில் எரிச்சல் தொடங்கியபோது ஹவ்வா அதை வேர்க்குரு என்றுதான் நினைத்தாள். பவுடரைக் கொட்டிக்கொண்டாள். அப்புறம் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பின. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, அக்கி உடம்பைச் சுற்றிவந்து தலையும் வாலும் தொட்டால் ஆள் மிஞ்சாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஹவ்வா கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்று தலை எது வால் எது என்று தேடினாள்.*

*தொடாது. பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். கதைக்குள் புகுந்து அவளிடம் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

மூசா அவளைக் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டம்மா காவியைக் குழைத்து, ஹவ்வாவின் விலாவில் சிங்கம் வரைந்து அக்கி எழுதினார்.

"இந்த வயசுல ஊட்டுல சிங்கம் வளக்கறே போ" என்றார் மூசா. ஹவ்வாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. அந்தச் சிங்கம் யாரையும் கடிக்கவில்லை, அக்கியையும் கடிக்கவில்லை.

பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் டின்சி பார்த்தவுடன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நேரத்தே வரணுமாயிருந்நு, அம்மே. மூணு நாளுக்குள்ள மருந்து தொடங்கினா நல்ல பலன் இருக்கும்." அப்படியும் மாத்திரை கொடுத்தார். கொப்புளம் காய்கிறவரை அம்மை வராத குழந்தைகளை அண்டவிட வேண்டாம் என்றார். ஹவ்வா பேரனைத் தூக்காமல் தள்ளியே இருந்தாள். கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. எல்லோரும் 'சுகமாகிவிட்டது' என்றார்கள்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும்.

3

முடியவில்லை. வலி அப்படியே இருந்தது. ரவிக்கை பட்டால் சுட்டது, முந்தானை உரசினால் சுட்டது, மின்விசிறிக் காற்றுக்கே விலா சுருங்கியது. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை, வெளிறிய தழும்பு மட்டும்.

"புண்ணுதான் ஆறிப்போச்சே" என்றார் மூசா.

"ஆறிருச்சுங்க. வலி போகலைங்க."

ஒரு காலை அவர் தன் பழைய மல் வேட்டியைக் காணோம் என்று வீட்டைப் புரட்டினார். துணிக்கடைக்காரர்தான், ஆனால் புது வேட்டி கட்டினால் இடுப்பில் குத்துகிறது என்பார். நைந்து நூலாகும்வரை பழசையே கட்டுவார். "அடுப்படிக்குக் கரித்துணி ஆக்கிட்டேனுங்க" என்றாள் ஹவ்வா. அவருக்குக் கோபம் வந்தது.

[இந்த இடத்தில் நான் எழுத்தை நிறுத்திவிட்டேன். 'வலி' என்ற சொல்லை எத்தனை முறைதான் எழுதுவது? கதையில் வலி என்றால் ஒரு பக்கத்துக்குள் குறையவேண்டும், அல்லது ஆள் போய்ச்சேரவேண்டும். இரண்டும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் வலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹவ்வா மிகைப்படுத்துகிறாளோ என்றுகூட நினைத்தேன். அவளைப் படைத்தவனே நான், எனக்கே சந்தேகம். நல்ல திருப்பமாக ஒரு பத்தியும் எழுதினேன்: அவளுக்கும் நாத்தனார் ஹஃப்ஸாவுக்கும் பழைய மனத்தாங்கல், ஹஃப்ஸா மகளின் நிக்காஹ் வருகிறது, போகாமலிருக்க வலியைச் சாக்காக வைக்கிறாள். படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் என் பெயரில் வைக்க வெட்கமாக இருந்ததால், அந்தச் சந்தேகத்தை மூசாவின் வாயில் போட்டுவிட்டேன்.]

நிக்காஹுக்கென்று மூசா கடையிலிருந்து பட்டுச்சேலை கொண்டுவந்தார். அடர் பச்சை, கைத்தண்டி சரிகை. ஹவ்வா தொட்டுப்பார்த்துவிட்டு, "இது என்னால ஆகாதுங்க" என்றாள்.

"ஏன், என்ற தங்கச்சி ஊட்டுக் கல்யாணம்னா மட்டும் வலிக்குதா?"

ஹவ்வா அழு—

இல்லை, அழவில்லை. அவரை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். வழக்கம்போல சர்க்கரை சரியாக இருந்தது. அதனாலேயே மூசா பாதியில் வைத்துவிட்டார்.

4

ஆனாலும் பிடிவாதக்காரர். அவளைக் கேட்காமலே பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிடலாமென்று, அளவுக்குக் கொடியிலிருந்த ஒரு ரவிக்கையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். தையல்காரர் வருவதற்குள் சும்மா இருக்காமல் அதைப் புரட்டினார்.

இடதுபக்கத் தையல் முழுக்கப் பிரித்து மறுபடி தைக்கப்பட்டிருந்தது. உள்ளே, விலா படும் இடத்தில், வேறு ஒரு துணி. ஊசி போன தடம் வெளியே தெரியாத பொடித்தையல். மூசா அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். துணியைத் தேய்த்தே ரகம் சொல்கிறவர். இதற்கு அவ்வளவுகூட வேண்டியிருக்கவில்லை. அவர் இடுப்பிலேயே நைந்த துணி அது.

கடையை மகன் அஜ்மலிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். எல்லா ரவிக்கையும் அப்படியே. யாரும் பார்க்காத இடத்தில், யாருக்கும் காட்டாமல், கண் தெரிகிற நேரமெல்லாம் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். சாக்குச் சொல்கிறவள் நாலுபேர் முன்னால் முனகுவாள், உள்துணி தைக்கமாட்டாள். மூசா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அங்கே போய்விட்டது.

அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கைலிக்கு மாறி, வேட்டியை மடித்து ஹவ்வாவின் மடியில் வைத்தார்.

"இதையும் எடுத்துக்கோ."

"அப்பறம் நீங்க என்னத்தக் கட்டுவீங்க?"

"கடைல இல்லாததா?"

"புதுசு உங்களுக்குக் குத்துமேங்க."

"குத்தட்டும். எனக்குந் தெரியட்டும்."

மறுநாள் இருவரும் டாக்டர் டின்சியிடம் போனார்கள். நான் பார்த்த பேருந்துப் பயணம் இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். வலி இப்போது தோலில் இல்லை, கிருமி நடந்துபோன நரம்பில் இருக்கிறது, வயதானவர்களுக்குச் சிலசமயம் மாதக்கணக்கில் நிற்கும் என்று டாக்டர் விளக்கினார். நரம்பு அடங்க மாத்திரை எழுதினார். முதலில் தலை சுற்றும், பார்த்து நடக்கவேண்டும், மெதுவாகத்தான் குறையும். "அப்பச்சா, கூட இருக்கறவங்க விஸ்வசிக்கணும். அதும் மருந்நு தன்னே" என்றார் மூசாவைப் பார்த்து. மூசா புது வேட்டியில் நெளிந்துகொண்டே தலையாட்டினார்.

அஜ்மல் ஒருநாள் கடையின் பின்கட்டில் எட்டிப்பார்த்தால், அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு துணிக்கட்டாக விலாவில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அத்தா, என்ன பண்றீங்க?"

"உங்கம்மாளுக்குத் துணி பாக்கறேன். ஒண்ணும் தேறலை. எல்லாம் அரம்."

5

இனி முடிவு. நிக்காஹ் நாளை.

முதல் முடிவு: காலையில் எழுந்தால் வலி மாயமாகப் போயிருக்கிறது. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அந்த மாத்திரை சாப்பிடுகிற யாராவது படித்தால் என்னைத் தேடிவந்து அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும்.

இரண்டாவது: இருவரும் போகவில்லை. வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு—

இதை ஹவ்வாவே ஒப்பவில்லை. அவளுக்குப் போகவேண்டும். ஹஃப்ஸாவின் மகளை முதன்முதலில் குளிப்பாட்டியவள் அவள்.

மூன்றாவது: ஹவ்வா போகிறாள். வெளுத்த மெல்லிய வாயில் துணிச் சேலை, உள்ளே வேட்டித்துணி வைத்த ரவிக்கை. மண்டபம் முழுக்கச் சரிகை. இரண்டு விரலால் சேலையைக் கிள்ளிக்கொண்டு, மூசாவின் கைவேலிக்குள் நடந்துவருகிறாள். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரப் பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்க்கிறார்கள். ஹஃப்ஸா எதிரே வந்து, சிரித்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறாள்:

"என்னங்க அண்ணி, எங்கண்ணங் கடைல துணி தீந்துபோச்சா? இல்ல, என்ற மக கல்யாணத்துக்கு இது போதும்னு உட்டுட்டீங்களா?"

6

கேள்வி ஹவ்வாவிடம். ஆனால் பதில் சொல்லவேண்டியவர் அவள் பக்கத்தில் நிற்கிறார்.

அவர் வேட்டியைக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், கடையையே விலாவில் தேய்த்துப் பார்த்தார். எல்லாம் சரி. 'என்ற தங்கச்சி ஊட்டுக் கல்யாணம்னா மட்டும் வலிக்குதா' என்று சொன்னதை மட்டும் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஹவ்வா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை, மறக்கவும் இல்லை. இப்போது அவர் தங்கையே, தங்கை வீட்டிலேயே, கிட்டத்தட்ட அதையே கேட்கிறாள்.

மூசாவுக்காக நான் பல பதில்கள் எழுதிப்பார்த்தேன். ஒன்று வேடிக்கையாக இருந்தது, ஒன்று பிரசங்கமாக இருந்தது, ஒன்றில் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஒருமுறை சந்தேகப்பட்டு அதை அவர் வாயில் போட்டவன் நான். மறுபடி அவர் வாயைத் தொட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

மூசா சொன்னார்: "..........................................."

அவசரப்படாமல் எழுதுங்கள், நீளமாக வேண்டாம். ஹஃப்ஸாவைச் சமாதானப்படுத்துவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹவ்வா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.